சீக்கியர் வாளேந்தியது எப்போது, எதனால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் குருவான நானக் பிறந்தது 1469-ல். பத்தாவது குருவான கோவிந்த் சிங் மறைந்தது 1708-ல். இந்த 240 ஆண்டுகளுக்குள் ஒரு பக்தி இயக்கம் படை நடத்தும் சமூகமாக மாறியது. பள்ளிப் பாடத்தில் இது இரண்டு வரியில் முடிந்துவிடும்: "குரு கொல்லப்பட்டார், சீக்கியர் ஆயுதம் எடுத்தனர்." நடந்தது அவ்வளவு சுருக்கமானதில்லை. வாள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே சமையல் கொப்பரை வந்துவிட்டது. அந்தக் கொப்பரையைச் சுற்றி எழுந்த சமூகத்தைக் காக்கத்தான் வாள் வந்தது. கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிநாதம் இதுதான்.

குரு நானக் காலத்தில் ஆயுதப் பயிற்சி இருந்ததா?

இல்லை. நீண்ட பயணங்களுக்குப் பிறகு நானக் ராவி நதிக்கரையில் கர்தார்பூரில் குடியமர்ந்து, நிலத்தை உழுது, 1539-ல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். விடியலில் பாட்டு, பகலில் வயல் வேலை, மாலையில் எல்லோருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு. அந்தச் சமூகத்தின் அன்றாடம் இதுதான்.

ஆனால் நானக் அரசியலைக் கண்டும் காணாமல் இருந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. பாபரின் படை பஞ்சாபின் சைத்பூரைச் சூறையாடியதைப் பற்றி அவர் பாடிய பாடல்கள் சீக்கியரின் புனித நூலான ஆதி கிரந்தத்தில் உள்ளன. "இவ்வளவு அடிபட்டு மக்கள் அலறினார்களே, உனக்கு வலிக்கவில்லையா?" என்று அவர் இறைவனையே கேட்கிறார். பலவான் பலவானை அடித்தால் மனக்குறை இல்லை. சிங்கம் மாட்டு மந்தையில் பாய்ந்தால் மந்தைக்கு உடையவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அதே பாடலில் வரும் கருத்து. உடையவனின் கடமை பற்றிய அந்தக் கேள்வி நூறாண்டுகள் கழித்துச் செயலாக மாறியது.

1606-க்கு முன் சீக்கியரிடம் என்னதான் இருந்தது?

ஓர் அரசுக்கு வேண்டியவற்றில் படை தவிர மற்றவை ஏறக்குறைய எல்லாம். இரண்டாம் குரு அங்கத் குர்முகி எழுத்தை ஒழுங்குபடுத்திப் பரப்பினார். மூன்றாம் குரு அமர் தாஸ் கோயிந்துவாலில் 84 படிகள் கொண்ட கிணற்றைக் கட்டினார். ஊர் ஊராக இருந்த அடியாரை 22 மஞ்சிகளாக, அதாவது வட்டாரங்களாகப் பிரித்துப் பொறுப்பாளர்களை நியமித்தார். தம்மைக் காண வந்தவர் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவர் விதி. நான்காம் குரு ராம் தாஸ் 1577-ல் குளம் வெட்டி எழுப்பிய ஊர்தான் இன்றைய அமிர்தசரஸ். ஐந்தாம் குரு அர்ஜன் குளத்தின் நடுவே ஹர்மந்திரை (இன்று பொற்கோயில் எனப்படுவது) கட்டி, 1604-ல் ஆதி கிரந்தத்தைத் தொகுத்து அங்கே வைத்தார். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தரும் தஸ்வந்த் முறையும், அதைத் திரட்டிக் குருவிடம் சேர்க்கும் மசந்த் என்னும் முகவர்களும் அவர் காலத்தில் நிலைபெற்றார்கள்.

ஊர், புனித நூல், எழுத்து, வரவு, வட்டார நிர்வாகம் எல்லாம் இருந்தன. இவற்றைப் பாதுகாக்க மட்டும் ஒன்றும் இல்லை.

குரு அர்ஜன் ஏன் கொல்லப்பட்டார்?

1606-ல் ஜஹாங்கீருக்கு எதிராக அவர் மகன் குஸ்ரூ கலகம் செய்து பஞ்சாப் வழியே ஓடினான். கோயிந்துவாலில் அவனைக் குரு அர்ஜன் சந்தித்து நெற்றியில் குங்குமப்பூத் திலகம் இட்டார் என்று ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். அந்தக் குறிப்பிலேயே வேறொரு காரணமும் இருக்கிறது: இந்துக்களும் சில முஸ்லிம்களும் குருவிடம் போவதைப் பார்த்து, இந்தப் "பொய்க் கடையை" மூட வேண்டும் என்று பேரரசர் முன்பிருந்தே நினைத்திருக்கிறார். கலகம் அதற்கு வாய்ப்பாக அமைந்தது. லாகூரில், 1606 மே மாத இறுதியில், சித்திரவதைக்குப் பின் குரு உயிர் நீத்தார்.

இரண்டு காரணங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது புரியாது.

குரு ஹர்கோவிந்த் உண்மையில் என்ன மாற்றினார்?

அர்ஜனின் மகன் ஹர்கோவிந்த் பொறுப்பேற்றபோது வயது 11. இடையில் இரண்டு வாள்கள் கட்டினார்: ஒன்று மீரி, உலகியல் அதிகாரம், மற்றது பீரி, ஆன்மிக அதிகாரம். காணிக்கையாகக் குதிரையும் ஆயுதமும் கொண்டுவருமாறு அடியாருக்குச் சொல்லி அனுப்பினார். இங்கே கவனிக்க வேண்டியது, வசூல் முறை மாறவில்லை என்பது. பணமும் தானியமும் கொண்டுவந்த அதே மசந்த் வழியில்தான் இப்போது குதிரை வந்தது. படையைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை. பாதை ஏற்கெனவே போட்டுவைத்திருந்தது.

ஹர்மந்திருக்கு எதிரே உயர்ந்த மேடை ஒன்றை எழுப்பினார். அதுதான் அகால் தக்த், காலம் கடந்தவனின் அரியணை. வழக்குகளைத் தீர்த்ததும், வீரர்களின் மல்யுத்தத்தைப் பார்த்ததும், தாடி எனப்படும் பாணர்கள் தட் என்னும் சிறு உடுக்கையும் சாரங்கியும் கொண்டு போர்ப் பாடல் பாடக் கேட்டதும் அங்கேதான். அப்துல்லா, நத்தா என்ற இரு பாணர்களின் பெயர் இன்றும் நினைக்கப்படுகிறது.

அமிர்தசரஸ் போகிறவர்கள் அகால் தக்த் அருகே நிற்கும் இரு கொடிமரங்களை உற்றுப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே உயரம் போலத் தோன்றும். பீரியின் கம்பம் மீரியின் கம்பத்தைவிடச் சற்றே உயரம். இரண்டையும் நடுவில் ஒரு சின்னம் இணைக்கிறது. வாளுக்கு இடம் உண்டு, ஆனால் வழிபாட்டுக்கு ஒரு விரற்கடை கீழே என்ற கோட்பாட்டைக் கம்பத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அந்தப் படை எவ்வளவு பெரியது?

ஹர்கோவிந்தை நேரில் சந்தித்த ஒரு பாரசீக நூலாசிரியர் தரும் கணக்கு: லாயத்தில் 700 குதிரைகள், 300 குதிரை வீரர்கள், 60 துப்பாக்கி வீரர்கள். முகலாயப் பேரரசுக்கு முன் இது ஒரு பாளையத்தின் காவற்படை அளவுதான். அமிர்தசரஸ், லஹிரா, கர்தார்பூர் (நானக் வாழ்ந்த ஊரல்ல, ஜலந்தர் அருகிலுள்ளது), பக்வாடா ஆகிய நான்கு இடங்களில் 1635-க்குள் நடந்த மோதல்களில் இந்தச் சிறு படை தாக்குப்பிடித்தது.

வென்றவர் ஏன் அமிர்தசரஸை விட்டுப் போனார்?

சமவெளியில் ஒவ்வொரு வெற்றியும் அடுத்ததாகப் பெரிய படையை வரவழைக்கும் என்பதால். லாகூரிலிருந்து அமிர்தசரஸ் ஒருநாள் குதிரைப் பயணம். எனவே 1635 வாக்கில் சிவாலிக் மலையடிவாரத்தில், பேரரசின் நேரடி நிர்வாகத்துக்கு வெளியே இருந்த கீரத்பூருக்கு மாறி, 1644-ல் மறையும்வரை அங்கேயே இருந்தார். இந்த இடப்பெயர்ச்சியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் பின்னால் ஆனந்த்பூர், மலை அரசர்களோடு வந்த பூசல், 1699-ல் அமிர்தம் பெற்ற சீக்கியரின் அமைப்பான கால்சா தோன்றியது எல்லாவற்றுக்கும் களம் அமைத்தது இதுதான்.

ஜாட் உழவர்கள் பெருவாரியாகச் சேர்ந்ததால்தான் படைக்குணம் வந்தது என்கிறார்களே?

மெக்லியோட் என்னும் வரலாற்றறிஞர் இக்கருத்தை வலுவாக முன்வைத்தார். ஆயுதம் தாங்கும் பழக்கமுள்ள ஜாட்கள் திரளாக வந்ததும் இயக்கத்தின் இயல்பு மாறியது என்பது அவர் வாதம். ஆள்பலம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இது விளக்கம். முடிவை எடுத்தது யார் என்பதற்கு விளக்கமாகாது. குருமார் பத்துப் பேரும் கத்ரி என்னும் வணிகச் சாதிக் குடும்பத்தினர். 1699-ல் முதலில் தலைதர முன்வந்த ஐவரில் ஜாட் ஒருவர் மட்டுமே. ஆயுதம் வைத்திருந்த உழவர்கள் வட இந்தியாவில் எங்கும் இருந்தார்கள். எல்லா இடத்திலும் கால்சா உருவாகவில்லை.

1644 முதல் 1675 வரை என்ன நடந்தது?

பெரும்பாலும் அமைதி. ஏழாம் குரு ஹர் ராய் 2,200 குதிரை வீரர்களை வைத்திருந்தார் என்பது மரபு. போருக்கு அவர்களைப் பயன்படுத்தவில்லை. எட்டாம் குரு ஹர் கிருஷண் 1664-ல் டெல்லியில் பெரியம்மையால் சிறுவயதிலேயே இறந்தார்.

குரு தேக் பகதூரின் மரணம் எதைத் திருப்பியது?

ஹர்கோவிந்தின் கடைசி மகனான இவர் ஒன்பதாம் குரு. ஔரங்கசீப் ஆட்சியில் நெருக்கப்பட்ட காஷ்மீர் பண்டிதர்கள் இவரிடம் வந்து முறையிட்டார்கள் என்பது சீக்கிய மரபு. 1675 நவம்பர் 11 அன்று டெல்லி சாந்தினி சௌக்கில் தலை வெட்டப்பட்டது. உடனிருந்த மதி தாஸ், தயாள் தாஸ், சதி தாஸ் மூவரும் அவருக்கு முன் கொல்லப்பட்டனர். இவர் பூணூல் அணியும் மரபைச் சேர்ந்தவர் அல்லர். பிறர் அதை அணியும் உரிமைக்காக உயிர் தந்தார் என்பதைச் சீக்கியர் இன்றும் பெருமிதத்தோடு சொல்கிறார்கள்.

உடலைத் தொட அஞ்சிக் கூட்டம் ஒதுங்கி நின்றது. தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஜைதா என்னும் அடியார் தலையை எடுத்து மறைத்து ஆனந்த்பூர் கொண்டுசேர்த்தார். லக்கி ஷா என்னும் வணிகர் உடலை வண்டியில் ஏற்றித் தம் வீட்டுக்குள் வைத்து, வீட்டோடு தீ மூட்டித் தகனம் செய்தார். தலையை வாங்கிய மகன் கோவிந்துக்கு வயது ஒன்பதைத் தொட்டிருக்கவில்லை. சீக்கியன் கூட்டத்தில் மறைந்து நிற்க முடியாதபடி ஓர் உருவம் தருவேன் என்ற எண்ணம் அங்கே பிறந்தது என்று மரபு சொல்கிறது. நீள்முடியும் தலைப்பாகையும் அதன் விளைவுகள்.

கால்சா தோன்றியதால்தான் சீக்கியர் போர் செய்யத் தொடங்கினார்கள், சரிதானே?

சரியில்லை. அதிகம் காணப்படும் பிழை இதுதான். 1699-க்கு 11 ஆண்டுகள் முன்பே, 1688-ல், பங்கானியில் குரு கோவிந்த் மலை அரசர்களோடு போரிட்டார். சம்பளத்துக்கு அமர்த்திய பட்டாணியர் பலர் அணி மாறினார்கள். கிருபாள் என்னும் துறவி கனத்த தடியைச் சுழற்றி, அணி மாறிய பட்டாணியத் தலைவன் ஹயாத் கானின் தலையில் அடித்ததை, கண்ணன் வெண்ணெய்ப் பானையை உடைத்தது போல என்று போர்ப் பாடல் வருணிக்கிறது. கூலிக்கு வந்தவன் ஓடினான், அடியவன் நின்றான் என்பது குரு அங்கே கண்ட பாடம்.

1699-ல், சித்திரைப் பிறப்பைப் போன்ற பைசாக்கித் திருநாளன்று ஆனந்த்பூரில் நடந்தது வேறு. தலை தர யார் தயார் என்று குரு கேட்டபோது ஐவர் எழுந்தார்கள்: லாகூரின் கத்ரி தயா ராம், ஹஸ்தினாபூரின் ஜாட் தரம் தாஸ், பூரியின் தண்ணீர் சுமப்பவர் ஹிம்மத் ராய், துவாரகையின் துணி அச்சிடுபவர் மோக்கம் சந்த், பீதரின் நாவிதர் சாகிப் சந்த். கூடாரம், இரத்தம் சொட்டும் வாள் என்று விரியும் காட்சி பிற்கால நூல்களில்தான் முழுமையாக வருகிறது. குருவின் அவைக் கவிஞர் சேனாபதி எழுதிய பழைய விவரம் அழுத்திச் சொல்வது, மசந்துகள் நீக்கப்பட்டதையும், புகையிலையும் தலை மழித்தலும் விலக்கப்பட்டதையும்.

மசந்துகள் நாளடைவில் காணிக்கையைத் தாமே வைத்துக்கொள்ளவும், தம்மைச் சுற்றித் தனிக் கூட்டம் சேர்க்கவும் தொடங்கியிருந்தார்கள். குருவுக்கும் அடியவருக்கும் இடையில் இனி யாரும் வேண்டாம் என்பதே 1699-ன் மையம். அந்த ஐவருக்கும் அமிர்தம் என்னும் சடங்கு நீரைத் தந்துவிட்டு, அவர்கள் கையாலேயே குரு தாமும் வாங்கிக்கொண்டார். கோவிந்த் ராய் கோவிந்த் சிங் ஆனது அப்போதுதான்.

அமிர்தம் எப்படித் தயாரிக்கப்படுகிறது?

இன்றைய நடத்தை விதிநூலின்படி, கிரந்தம் திறந்து வைத்த இடத்தில், ஏற்கெனவே அமிர்தம் பெற்ற ஆறு பேராவது வேண்டும். ஒருவர் கிரந்தத்தின் அருகே அமர்வார். ஐவர் சடங்கை நடத்துவார்கள். எல்லோரும் தலைக்குக் குளித்திருக்க வேண்டும். இரும்புக் கிண்ணத்தில் தூய நீர் ஊற்றி, பதாசே என்னும் சர்க்கரைப் பொரியைப் போடுகிறார்கள். ஐவரும் கிண்ணத்தைச் சுற்றி வீராசனத்தில் அமர்கிறார்கள்: வலது முழங்கால் தரையில், உடல் எடை வலக்கால் மேல், இடது முழங்கால் நிமிர்ந்து. ஓதுபவர் இடக்கையால் கிண்ண விளிம்பைப் பிடித்து, வலக்கையில் உள்ள கண்டா என்னும் இருபுறக் கூர்வாளால் நீரைக் கலக்கிக்கொண்டே இருப்பார். மற்ற நால்வரும் இரு கைகளையும் விளிம்பில் வைத்து நீரையே பார்த்திருக்க வேண்டும். ஜப்ஜி, ஜாப், பத்து சவைய்யே, சௌபாயீ, ஆனந்தின் முதல் ஐந்தும் கடைசி ஒன்றுமான பத்திகள் என்று ஐந்து ஓதல்கள். ஓதல்கள் ஐந்தும் முடிந்து, எழுந்து நின்று வேண்டுதல் செய்த பிறகே அமிர்தம் கொடுக்கத் தொடங்குவார்கள்.

பெறுபவர் வலக்கையை இடக்கை மேல் குவித்து ஐந்து முறை குடிக்கிறார். கண்ணில் ஐந்து முறை, தலைமுடியில் ஐந்து முறை தெளிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் "வாஹேகுரு ஜி கா கால்சா, வாஹேகுரு ஜி கி ஃபதே" என்ற முழக்கம். மிஞ்சிய நீரை ஆணும் பெண்ணுமாக எல்லோரும் அதே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். நாவிதர் குடித்த கிண்ணத்தில் கத்ரி குடிப்பது 1699-ல் எப்படிப்பட்ட செயல் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனந்த்பூரிலும் உயர்சாதியினர் சிலர் இதை ஏற்காமல் விலகினார்கள்.

ஐந்து 'க'க்கள் எவை?

கேஷ் (வெட்டாத முடி), கங்கா (மரச் சீப்பு), கடா (இரும்பு வளை), கச்சேரா (அரைக்கால் உள்ளாடை), கிர்பான் (வாள்). ஐந்து என்று தொகுத்த பட்டியல் சற்றுப் பிந்திய நூல்களில்தான் தெளிவாகிறது. கச்சேரா குதிரையேறவும் ஓடவும் வேட்டியைவிட வசதி. கங்கா இல்லாமல் கேஷ் சடையாகிவிடும்; துறவியின் சடையிலிருந்து இல்லறத்தார் முடியைப் பிரித்துக் காட்டுவது அந்தச் சீப்பே.

இது முஸ்லிம்களுக்கு எதிரான மதப்போரா?

பங்கானியில் பீர் புத்து ஷா என்னும் முஸ்லிம் பெரியவர் தம் மகன்களையும் சீடர்களையும் குருவுக்காகக் களத்தில் இறக்கினார். எதிரணியில் நின்றவர்கள் இந்து மலை அரசர்கள். பின்னாளில் தப்பிச் சென்ற குருவைப் பல்லக்கில் வைத்துக் காத்தவர்கள் நபி கான், கனி கான் என்ற பட்டாணியர். குருவின் சிறு மகன்களைக் கொல்லக் கூடாது என்று சிர்ஹிந்தில் எதிர்ப்புக் குரல் எழுப்பியவர் மலேர்கோட்லா நவாப். போர்க்களத்தில் இரு தரப்புக் காயம்பட்டவருக்கும் தண்ணீர் கொடுத்த பாயி கன்னையாவைக் குரு கண்டிக்கவில்லை. மருந்தும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார் என்கிறது மரபு. மோதல் அரசோடு. அரசின் மதக் கொள்கை அதில் ஒரு பெரும்பங்கு. இரண்டையும் குழப்பாமல் எழுதுவது நம் கடமை.

ஆனந்த்பூர் ஏன் வீழ்ந்தது?

ஆனந்த்கட், லோஹ்கட், கேஷ்கட் முதலிய கோட்டைகள் ஊரைச் சுற்றி இருந்தன. நேரடித் தாக்குதலில் எதிரியால் அவற்றைப் பிடிக்க முடியவில்லை. எனவே மலை அரசர்களும் முகலாயப் படையும் சேர்ந்து 1704-ல் (சிலர் கணக்கில் 1705) மாதக்கணக்கில் முற்றுகையிட்டு, தானியம் உள்ளே வரும் வழியை அடைத்தார்கள். உள்ளே பட்டினி. மாஜா வட்டாரத்தைச் சேர்ந்த நாற்பது பேர், "இனி நீர் எங்கள் குரு இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். பாதுகாப்பாகப் போகவிடுவோம் என்று எதிரி சத்தியம் செய்தபின் குரு டிசம்பர் இரவில் கோட்டையைக் காலி செய்தார். சத்தியம் மீறப்பட்டது. சிர்சா ஆறு வெள்ளத்தில் இருந்தது. கடக்கும்போது குடும்பம் பிரிந்தது, சுவடிகள் நீரில் போயின.

சம்கௌரின் மண்சுவர் வீட்டில் நாற்பது பேரோடு நின்று, மூத்த மகன்கள் அஜித் சிங், ஜுஜார் சிங் இருவரையும் குரு களத்தில் இழந்தார். பத்து வயதைத் தாண்டாத ஜோராவர் சிங்கும் ஃபதே சிங்கும் சிர்ஹிந்தில் ஆளுநர் வசீர் கானின் ஆணையால் கொல்லப்பட்டனர். கைவிட்டுப் போன அந்த நாற்பது பேர், மாயி பாகோ என்னும் பெண் இடித்துரைத்ததால் திரும்பி வந்து, கித்ரானாக் குளக்கரையில் குருவுக்காகப் போரிட்டு மடிந்தார்கள். உயிர் பிரியும் தறுவாயில் அவர்களில் ஒருவரான மகான் சிங் கேட்டுக்கொள்ள, அவர்கள் எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டைக் குரு கிழித்தார். அந்த ஊர் இன்று முக்த்சர்.

இதற்குப் பிறகு ஔரங்கசீப்புக்குப் பாரசீகத்தில் குரு எழுதிய கடிதம்தான் ஜஃபர்நாமா. "மற்ற எல்லா வழியும் கடந்துபோன பின் வாளில் கை வைப்பது நேர்மையே" என்ற அதன் வரியைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். "மற்ற எல்லா வழியும் கடந்துபோன பின்" என்ற முற்பாதியை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும்.

நூல்களில் ஆண்டும் தேதியும் ஏன் மாறுகின்றன?

மூலங்கள் விக்கிரம ஆண்டில் எழுதப்பட்டவை. வைகாசி போன்ற மாதங்களுக்கு 57 கழித்தால் பொது ஆண்டு வரும். ஆண்டின் கடைசி மாதங்களுக்கு 56. பாரதியார் 'குரு கோவிந்தர்' கவிதையை விக்கிரம ஆண்டு 1756 என்று தொடங்குகிறார். 57 கழித்தால் 1699. அடுத்த சிக்கல் நாட்காட்டி. 1699 பைசாக்கியை அக்கால இங்கிலாந்து நாட்காட்டிப்படி மார்ச் 29 அல்லது 30 என்று அச்சிடுவார்கள். இன்றைய நாட்காட்டிக்கு 10 நாள் கூட்டினால் ஏப்ரல் 8 அல்லது 9. ஆனால் பைசாக்கி இப்போது ஏப்ரல் 13, 14-ல் வருகிறதே? நம் சித்திரைப் பிறப்பைப் போல அதுவும் சூரியன் மேஷத்தில் நுழையும் நாள். அந்த ஆண்டுக் கணக்கு ஏறத்தாழ 71 ஆண்டுக்கு ஒருநாள் தள்ளிப்போகும். 300 ஆண்டுக்கு நான்கைந்து நாள். கணக்கு நேராகிவிடுகிறது.

இன்று கொடியில் காணும் கண்டா சின்னம் குரு காலத்ததா?

ஆயுதங்கள் பழையவை: நடுவில் இருபுறக் கூர்வாள், சுற்றி வெளிவிளிம்பு தீட்டிய எறிவளையமான சக்கரம், இருபுறமும் வளைந்த இரு கிர்பான்கள். இவற்றை இப்போதைய வடிவில் ஒன்றுசேர்த்த அமைப்பு 20-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. பழைய ஓவியம் என்று சொல்லப்படும் படத்தில் இச்சின்னம் அப்படியே இருந்தால் படத்தின் வயதைச் சந்தேகிக்கலாம்.

குரு கோவிந்த் சிங்குக்குப் பின்?

1708 அக்டோபரில் கோதாவரிக் கரையில் நாந்தேடில் அவர் மறைந்தார். மனித குருமார் வரிசை அத்துடன் நின்றது. கிரந்தமே குரு என்றாயிற்று. அங்கே அவர் சந்தித்த மாதோ தாஸ் என்னும் துறவி பந்தா சிங் ஆகிப் பஞ்சாப் சென்றார். 1709 நவம்பரில் சமானாவைப் பிடித்தார். 1710 மே 12 அன்று சப்பர் சிரிப் போரில் வசீர் கான் விழுந்தான். குர்தாஸ் நங்கலில் எட்டு மாதம் முற்றுகைக்குள் இலையும் புல்லும் தின்று தாக்குப்பிடித்தபின் 1715 டிசம்பரில் பிடிபட்டு, 1716 ஜூனில் டெல்லியில் கொல்லப்பட்டார். உடன் பிடிபட்ட நூற்றுக்கணக்கானோர் நாள்தோறும் வெட்டப்பட்டதை அப்போது டெல்லியில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தூதர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மதம் மாறி உயிர் பிழைத்தவர் ஒருவரும் இல்லை என்பது அவர்கள் குறிப்பு.

பந்தா சிங் வெளியிட்ட முத்திரையில் தம் பெயரைப் போடவில்லை. "தேக், தேக், ஃபதே" என்று தொடங்கி, இவை நானக்கிடமும் கோவிந்த் சிங்கிடமும் பெற்றவை என்று அது முடிகிறது. தமிழ் எழுத்தில் இரண்டு தேக்கும் ஒன்றாகிவிடும். முதல் தேக்கின் த, 'பந்து' என்ற சொல்லில் வரும் த போல ஒலிக்க வேண்டும். அது லங்கர் என்னும் பொதுப்பந்திச் சமையலின் கொப்பரை. இரண்டாவது, 'தலை'யில் வரும் த, அது வாள். ஃபதே என்றால் வெற்றி.